கிழக்கு ஓரத்தில் வெயில் ஒழுகும் பாட்டு

சங்குவாடி உப்பளத்தில் மரம் கிடையாது. வேப்பங்கன்று வைத்துப் பார்த்தார்கள், புங்கன் வைத்துப் பார்த்தார்கள், எந்த மண்ணிலும் தலை நீட்டிவிடும் உடைமரம்கூட அங்கே முழங்கால் உயரத்துக்குமேல் வர மறுத்துக் கருகிப்போயிற்று. அதனால் இருநூறு ஏக்கர் வெள்ளைத் தரையில் நிழல் என்று சொல்லிக்கொள்ள மோட்டார் கொட்டகையின் கூரை விழுத்துவது ஒன்று, எடைமேடை அறையின் சுவர் விழுத்துவது இன்னொன்று, அதுவும் உச்சிப்பொழுதில் இரண்டு முழத்துக்குச் சுருங்கி, ஒரு நாய் படுத்துக்கொண்டால் அடுத்த நாய்க்கு இடமில்லாமல் போகும். ஆகவே பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு, மரமே இல்லாமல் ஒரு முற்றிய புளியமரத்து நிழல் பன்னிரண்டு ஏக்கருக்கு விழுந்தபோது, பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்த நாற்பத்திரண்டு பெண்களும் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்கள்; மேகம் எதுவும் இல்லை என்பதையும், சூரியன் வைத்த இடத்திலேயே இருப்பதையும் உறுதிசெய்துகொண்டார்கள்; பிறகு வார்பலகைகளை வரப்பில் சாத்திவிட்டு, தலைத்துணியை அவிழ்த்து உதறி, தூக்குவாளிகளைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"யாரு குடுத்த நெழலோ, போறதுக்குள்ள தின்னுங்கட்டி," என்றாள் அவர்களுக்கெல்லாம் மூத்தவளான பேச்சித்தாய்.

நிழலைக் கொடுத்தவள் எடைமேடை அறைக்குள் இருந்தாள். பெயர் ஜெனோவா. நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி இப்போது யாரும் கேட்பதுமில்லை. காலி லாரிகளை நிறுத்தி ஒரு முறையும், உப்பு ஏற்றிய பிறகு இன்னொரு முறையும் எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பது அவள் வேலை. அதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் ஊர்க் கோயிலின் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்தவள். ஆரம்பத்தில் எல்லோரையும்போலத்தான் வாசித்தாள். பிறகு என்ன காரணத்தாலோ ஆண்டுக்கு ஆண்டு அவள் கைகள் மெதுவாகிக்கொண்டே வந்தன. ஒரு கட்டை அமுங்கி மேலே வருவதற்குள் அடுத்ததை அழுத்துவது அவளுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. வருகைப் பாடல் முடிவதற்குள் பீடத்தில் நின்ற பங்குத்தந்தை மூன்று முறை வியர்வை துடைத்தார். ஒரு கல்யாணத்தில் மணப்பெண் பாதி வழியில் நின்று தண்ணீர் கேட்டாள். கடைசியில் பங்குத்தந்தை அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மனம் நோகாத குரலில், "ஜெனோவாம்மா, ஆண்டவருக்கு நேரம் இருக்கு, ஜனங்களுக்கு பஸ் இருக்கு," என்றார். அவள் அதைச் சரியென்றே ஏற்றுக்கொண்டு கீபோர்டுக்குத் துணியைப் போர்த்திவிட்டு வந்தாள்.

அதன்பின் நான்கு வருடம், லாரிக்கும் லாரிக்கும் இடைப்பட்ட நேரங்களில், எடைமேடை அறையிலிருந்த கம்ப்யூட்டரில் அவள் ஓர் ஆல்பம் செய்தாள். உப்புநீர் இறைக்கும் மோட்டாரின் அடித்தொண்டை முனகலைப் பதிந்து, அதைப் பாதி வேகத்துக்கு இழுத்து, அதன்மேல் கீபோர்டின் கனத்த ஒலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி, எல்லாம் அசையாமல் படிந்த பிறகு, பழசாக விலைக்கு வாங்கிய எலெக்ட்ரிக் கிட்டாரை ஒரே ஒரு கம்பியில் தொட்டாள். அந்தக் கம்பி அழுது ஓயும்வரை இன்னொன்றைத் தொடவில்லை. ஏழு பாட்டுகள். வார்த்தைகள் கிடையாது. மிகச் சின்னது பதினொரு நிமிடம், பெரியது பத்தொன்பது. 'காலி வண்டி' என்று பெயர் வைத்தாள்; பதினேழு இசைக் கம்பெனிகளுக்கு அனுப்பினாள்; பதினாறிலிருந்து பதில் வரவில்லை, பதினேழாவது பதில் சொல்லாமலேயே நேரம் எடுத்துக்கொண்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் செய்தது, லாரி நம்பர் சொல்லிக் கூப்பிடுவதற்காக அறையின் உச்சியில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் முதல் பாட்டைப் போட்டது மட்டும்தான். ஒரு பாட்டு மட்டமான ஸ்பீக்கரில் எப்படிக் கேட்கிறது என்று பார்ப்பது அவள் வழக்கம். இரண்டாவது நிமிடத்தில் சன்னலுக்கு வெளியே மங்கியது. பாட்டு முடிந்ததும் வெயில் திரும்ப வந்து எல்லாவற்றின்மேலும் உட்கார்ந்துகொண்டது. பேச்சித்தாய் கை கழுவிக்கொண்டே சன்னலுக்கு வந்தாள்.

"ஏட்டி எடைமேடைக்காரி, அது உன் வேலையா?"

"ஆமாக்கா. நான் போட்ட பாட்டு."

"இன்னும் இருக்கா?"

"இன்னும் ஆறு இருக்கு."

"அப்ப நாளைக்கும் இதே நேரத்துக்குப் போடு," என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் பாத்திக்கு நடந்தாள்.

ஒரு வாரத்துக்குள் சங்குவாடி பெண்கள் ஏழு பாட்டுகளையும் நிழலைக்கொண்டு அறிந்துகொண்டார்கள். முதலாவது புளிய நிழல்: கனம், குளிர்ச்சி, சாப்பாட்டுக்கு ஏற்றது. இரண்டாவது கல்யாணப் பந்தல் நிழல்; நடுவில் நல்லா இருக்கும், ஓரங்களில் வெளிச்சம் அடிக்கும். மூன்றாவதில் கிட்டார் வருகிற இடத்தில் தென்னை ஓலை நிழல்போலக் கோடு கோடாக விழும் என்பதால் தலைவலிக்காரிகளுக்கு ஆகாது. நான்காவது கிணற்றுக்குள் எட்டிப்பார்ப்பதுபோன்ற நிழல், அதில் பாசி வாசனைகூட உண்டு. ஐந்தாவதில் கைக்குழந்தைகள் தூங்கும். ஆறாவது நகர்ந்துகொண்டே இருக்கும், கூடவே நகர்ந்து உப்பு வார வேண்டும். ஏழாவதைப் போட்டால் உள்ளங்கை தெரியாது. உப்பின் வெள்ளையில் கண் கூசிக் கூசி நீர் வடிந்துகொண்டே இருந்த செல்லக்கனி, வெள்ளிக்கிழமைதோறும் அதைத்தான் கேட்டு வாங்கி, பத்தொன்பது நிமிடமும் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள்.

அளத்தின் முதலாளி தங்கப்பழம் அண்ணாச்சி மூன்றாம் நாளே மோட்டார் சைக்கிளில் வந்தார்.

"ஏம்மா, உப்பு எதுல விளையுது?"

"வெயில்ல, அண்ணாச்சி."

"நீ என்ன போடுத?"

"பாட்டு."

"பாட்டுல உப்பு விளையுமா?"

அதற்குள் சன்னலுக்கு வந்த பேச்சித்தாய் குறுக்கிட்டாள். "அண்ணாச்சி, போன பங்குனியில மட்டும் மயங்கி விழுந்தது ஒம்பது பேரு. ஆட்டோ வச்சுத் தூக்கிட்டுப் போனது நீங்க. இந்த மூணு நாளா ஒருத்தியாவது விழுந்தாளா? கேட்டுச் சொல்லுங்க," என்றாள். அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். கடைசியில் ஒரு நாளைக்கு மூன்று பாட்டு, அதற்குமேல் கிடையாது என்று முடிவாயிற்று. பத்து நாள் கழித்துப் பார்த்தால், விட்டுவிட்டு நிழல் பட்ட பாத்திகளில் உப்பு அவசரப்படாமல் விளைந்து மொச்சைக்கொட்டை பருமனில் கிடந்தது. அவர் ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஆனி பிறந்து மேல்காற்று வீசத் தொடங்கியதும் வேறொரு தொல்லை வந்தது. காற்று பாட்டைத் தள்ளிக்கொண்டு போனதில் நிழல் சங்குவாடி எல்லையைத் தாண்டிக் கிழக்குப் பக்கத்து அளத்தில் விழுந்தது. அங்கிருந்து கங்காணி ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "உங்க பாட்டு எங்க பாத்தியில வந்து கெடக்கு, எடுத்துட்டுப் போங்க," என்றார். ஸ்பீக்கரைத் திருப்பிக் கட்டுவதாக ஜெனோவா வாக்குக் கொடுத்தாள். அவர் தலை மறைந்ததும் அதே அளத்துப் பெண்கள் நான்கு பேர் வரப்பு வழியாக வந்து, தண்ணீர் குடிக்க வந்தவர்கள்போலக் குடித்துவிட்டு, போகும்போது, "எக்கா, அவரு சொல்லுததுக்காகத் திருப்பாதீங்க, கொஞ்சமாட்டு மட்டும் திருப்புங்க," என்றார்கள். கொஞ்சமாகவே திருப்பினாள். ஆடு மேய்க்கிறவர்கள் பாட்டு நேரம் பார்த்து மந்தையை ஓட்டிவந்தார்கள். கோயில் பங்குத்தந்தைகூட ஒரு நாள் சைக்கிளில் வந்து, வரப்பில் கைக்குட்டை விரித்து உட்கார்ந்து, ஐந்தாவது பாட்டு முடியும்வரை தூங்கிவிட்டு, அவளைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கத்தோடு கையசைத்துப் போனார்.

எல்லோருக்கும் எல்லாம் கிடைத்தது. ஜெனோவாவுக்குக் கிடைக்காதது ஒன்றே ஒன்று. பாட்டு எப்படி இருந்தது என்று யாரும் சொல்லவில்லை.

நான்கு வருடம் கண் எரிய உட்கார்ந்து, எந்த ஒலி எந்த ஒலியின் தோளில் சாய வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தவள் அவள். அந்த ஏழு பாட்டுகளில் அவளுடைய பத்தொன்பது வருடமும் இருந்தது, அதற்கு முந்தியதும் இருந்தது. அதை ஒருவராவது காது கொடுத்துக் கேட்டு, இந்த இடத்தில் எனக்கு என்னவோ செய்தது என்று சொல்லிவிட்டால் போதும், அதற்குமேல் அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு நாள் தாங்காமல் கேட்டேவிட்டாள்.

"அக்கா, இன்னைக்கு நாலாவது பாட்டு எப்படி இருந்துச்சு?"

பேச்சித்தாய் நன்றாக யோசித்துப் பதில் சொன்னாள். "நல்லாத்தான் இருந்துச்சு. கிழக்கு ஓரம் மட்டும் கொஞ்சம் வெயில் ஒழுகுச்சு."

அன்று மாலைக்குள் ஜெனோவா நான்காவது பாட்டின் அடிப்பகுதியில் இன்னொரு மோட்டார் முனகலைச் சேர்த்துக் கிழக்கு ஓரத்தை அடைத்தாள். அடைத்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஆடி மாதத்தில், அந்தப் பதினேழாவது கம்பெனி கூப்பிட்டது. சென்னையிலிருந்து நிரஞ்சன் என்பவர் பேசினார். மரியாதையான மனிதர், ஆல்பத்தை உண்மையிலேயே கேட்டிருந்தார். "மேடம், இந்த மாதிரி சவுண்ட் இங்க யாருமே பண்ணல. நாங்க வெளியிடுறோம். ஆனா இதே வேகத்துல யாரும் உக்காந்து கேக்க மாட்டாங்க. ஸ்பீடைக் கூட்டிடலாம், ஒவ்வொண்ணும் நாலு நிமிஷத்துக்குள்ள முடிச்சிடலாம், ஏழாவதை விட்டுடலாம். திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போட்டீங்கன்னா போதும். அதுவரைக்கும் வெளிய எங்கயும் ப்ளே பண்ணாதீங்க, ப்ளீஸ்."

உண்மையிலேயே கேட்டிருந்தார் என்பதுதான் அவளைச் சாய்த்தது. அன்றே உட்கார்ந்து முதல் பாட்டின் வேகத்தைக் கூட்டி, நான்கு நிமிடத்துக்கு வெட்டி, ஒரே ஒரு முறை ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தாள். நிழல் வந்தது, ஆனால் ஓடுகிற பஸ்ஸின் சன்னல் வழியாக முகத்தில் அடிக்கும் மர நிழல்போல வெட்டி வெட்டி ஓடியது. பாத்தியில் நின்றவர்கள் தலை சுற்றி வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். "ஏளா, என்னத்தப் போட்டுத் தொலைச்ச? வாந்தி வருது," என்று கத்தினாள் செல்லக்கனி. ஜெனோவா உடனே நிறுத்தினாள்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பாத்திக்கே நடந்துபோய் எல்லோரிடமும் விஷயத்தைச் சொன்னாள். சென்னைக்காரர் சொன்னதை, வேகத்தை, திங்கட்கிழமையை, இன்றிலிருந்து பாட்டுப் போட முடியாது என்பதை. வெயில் எல்லோர் முதுகிலும் இருந்தது. கோபப்படுவார்கள் என்று நினைத்து வந்தவள், கோபத்துக்கான பதில்களை எல்லாம் வழியிலேயே தயார்செய்து வைத்திருந்தாள்.

"ரேடியோவுல வருமா?" என்று கேட்டாள் பேச்சித்தாய்.

"போன்ல வரும்க்கா. யார் வேணும்னாலும் கேக்கலாம்."

"அப்ப போயிட்டு வா. நல்ல சேலையா கட்டிட்டுப் போ, அந்தப் பச்சை வேண்டாம், அதுல நீ வெளிறித் தெரியுத. நாங்க என்ன, முப்பது வருசமா வெயில்லதான் நின்னோம். நாலு மாசம் உக்காந்துட்டோம், அது லாபம்."

"கண்ணுக்கு என்னளா செய்வ?" என்றாள் ஜெனோவா, செல்லக்கனியைப் பார்த்து.

"மூடிக்கிடுவேன்," என்றாள் செல்லக்கனி. எல்லோரும் சிரித்தார்கள். ஜெனோவாவால் சிரிக்க முடியவில்லை.

வியாழனும் வெள்ளியும் சங்குவாடியில் வெயில் இருந்த இடத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குச் செல்லக்கனி வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டிருந்ததை ஜெனோவா சன்னலிலிருந்து பார்த்தாள். அன்று வந்த லாரிகளில் மூன்றுக்கு எடையைத் தப்பாகப் படித்தாள், டிரைவர்களே திருத்தினார்கள்.

சனிக்கிழமை, பதினொன்றரை மணி இருக்கும். சீட்டு எழுதிக்கொண்டிருந்தவளுக்கு முதலில் மோட்டார் ஓடுவதாகத்தான் பட்டது. மோட்டார்க்காரர் விடுப்பில் போயிருந்தது நினைவுக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

பாத்தியில் பெண்கள் இரண்டு வரிசையாகப் பிரிந்து நின்றார்கள். ஒரு வரிசை உப்பு வாரியது. மற்றொரு வரிசை பலகையை ஊன்றிக்கொண்டு வாயை மூடி முனகியது. பேச்சித்தாய் மோட்டாரின் முனகலை எடுத்துக்கொண்டிருந்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரே சீராக, மூச்சு முட்டும்போது பக்கத்தில் நின்றவளிடம் கைமாற்றி, வாங்கி, மறுபடி கைமாற்றி. இருமல்காரி ஒருத்தி கீபோர்டின் இரைச்சலை எடுத்திருந்தாள், அதற்கென்றே பிறந்ததுபோல. மூக்கால் பேசுகிறாள் என்று எல்லோரும் கேலிசெய்யும் மாரிக்கிளிக்குக் கிட்டாரின் குரல் கிடைத்திருந்தது. அவர்கள் பாடியது நான்காவது பாட்டு. அவர்கள் தலைக்குமேல் நிழல் விழுந்திருந்தது. பன்னிரண்டு ஏக்கருக்கு அல்ல, இரண்டு வரிசைக்கும் போதுமான அளவு, ஒரு பாயை உதறி விரித்ததுபோல.

ஜெனோவா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒன்பதாவது நிமிடத்தில், பதிவு செய்த அன்று அவளுடைய விரல் வியர்வையில் வழுக்கிக் கம்பி லேசாகக் கீச்சிட்ட ஓர் இடம் உண்டு. அதை அவள் அழிக்கவில்லை. அழிக்காததை யாரிடமும் சொன்னதில்லை. நிரஞ்சன் அதைக் கவனித்திருக்கவில்லை. அந்த இடம் வந்தது. மாரிக்கிளி, சரியாக அந்த இடத்தில், அதே அளவுக்கு, குரலை வழுக்கவிட்டாள். வாரிக்கொண்டிருந்த வரிசையிலும் நாலைந்து பேர் அதற்காகவே காத்திருந்ததுபோல ஒரு கணம் பலகையை நிறுத்தினார்கள், பிறகு தொடர்ந்தார்கள்.

அவள் உள்ளே போய் முகம் கழுவினாள். இரண்டு முறை கழுவ வேண்டியிருந்தது. பிறகு சென்னைக்குப் போன் செய்தாள்.

"சார், வேகத்தைக் கூட்ட முடியாது."

"ஏன் மேடம்? டெக்னிக்கலா ஏதாவது பிரச்சினையா?"

"நாப்பத்திரண்டு பேருக்கு மனப்பாடம் ஆயிருச்சு சார். இனிமே மாத்தினா தப்பாயிரும்."

இந்த வேகத்தில் தன்னால் மேலே யாரையும் ஒப்புக்கொள்ளவைக்க முடியாது என்றார் நிரஞ்சன். வருத்தமாக இருக்கிறது என்றார். அது உண்மையான வருத்தம் என்பது குரலில் தெரிந்தது. ஏழாவது பாட்டை மட்டும் தன் சொந்தக் காதுக்காக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். "வச்சுக்கிடுங்க சார். ஆனா வெயில் நேரத்துல கேளுங்க," என்றாள் அவள்.

கிட்டாரை எடுத்துக்கொண்டு பாத்திக்கு நடந்தாள். ஒயர் இல்லாமல் அந்தக் கிட்டாருக்குக் கொசு அளவுக்குத்தான் சத்தம். பரவாயில்லை என்று நினைத்தாள். அவள் வரப்பில் ஏறியபோது நான்காவது முடிந்திருந்தது. செல்லக்கனி ஈரத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஏழாவது, ஏழாவது" என்று நச்சரித்தாள். இரண்டு நாள் பாக்கி இருக்கிறதாம். பேச்சித்தாய் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு தொடங்கினாள். வெள்ளைப் பாத்திகள் மெல்ல மெல்லச் சாம்பலாகி, சாம்பல் நீலமாகி, பக்கத்தில் நிற்கிறவளின் மூக்குத்தி மட்டும் தெரியும் அளவுக்கு இறங்கிவந்தது நிழல். ஜெனோவா நிழலின் விளிம்பில், பாதி உடம்பு வெயிலில் இருக்க, உட்கார்ந்தாள். அவர்கள் அவளைவிட மெதுவாகப் பாடினார்கள். அவள் விட்ட இடைவெளிகளிலெல்லாம் அவர்கள் இன்னும் கொஞ்சம் நின்றார்கள்; உப்பு வாருகிறவர்களுக்கு எங்கே மூச்சு வேண்டும் என்று தெரிந்திருந்தது. கேட்கக் கேட்க அவளுக்கு அவள் பாட்டு புதிதாக இருந்தது. கம்பி வருகிற இடம் நெருங்குவதாகத் தோன்றியதும் விரலை வைத்தாள், தொட்டேவிட்டாள்.

"ஏட்டி, பொறு," என்றாள் பேச்சித்தாய் முனகலை ஒரு நொடி கைமாற்றிவிட்டு. "இன்னும் எடம் வரல."

ஜெனோவா கம்பியை உள்ளங்கையால் அமர்த்தி, அவர்கள் வந்து சேரும்வரை காத்திருந்தாள்.